க்ளென்கால்விக்கு ஏன் பேய் இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடின்பரோவிலிருந்து ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவன் நான். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த 'ஸ்காட்லாந்தின் பத்து பேய் இடங்கள்' கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் என் வண்டியில் ஏறியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "அண்ணே, இது லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டார்கள். இருந்தால் இறங்கினார்கள், இல்லாவிட்டால் தூங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, பட்டியல் போட்டவர்மேல்தான் கொஞ்சம் உண்டு. அதில் இரண்டு தகவல்கள் தவறு. அதைவிட, இருந்திருக்க வேண்டிய க்ளென்கால்வி என்ற மலைப்பள்ளத்தாக்கு ஊர் அதில் இல்லை. அந்த ஊருக்குப் பேய் கிடையாது என்பதால் விட்டிருப்பார்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தவறுகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

எடின்பரோவில் ராயல் மைல் தெருவுக்கு அடியில் கிடக்கும் மேரி கிங்ஸ் குளோஸ் என்ற சந்தில், 1645இல் பிளேக் வந்தபோது நோயாளிகளை உள்ளே விட்டு உயிரோடு சுவர் எழுப்பினார்கள் என்று கட்டுரை சொல்கிறது. அப்படி நடக்கவே இல்லை. நோய் கண்ட வீடுகளை அடைத்துவைத்தார்கள், உண்மை. அடைபட்டவர்களுக்கு நகர மன்றம் சாப்பாடு அனுப்பியது, ஒரு வைத்தியரையும் சம்பளம் பேசி அமர்த்தியது. பேசிய சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தது தனிக்கதை. சந்து மண்ணுக்குள் போனது அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு. 1753இல் வணிகர்களுக்கான பெரிய கட்டடம் ஒன்றைத் தொடங்கியபோது மேல் மாடிகளை இடித்துவிட்டு, கீழ் மாடிகளை அப்படியே அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். இன்று நகர மன்றம் இருப்பது அந்தக் கட்டடத்தில்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தச் சந்தின் பழைய பேய்க்கதை ஜார்ஜ் சின்க்ளேர் என்ற பேராசிரியர் 1685இல் அச்சிட்ட நூலில் இருக்கிறது. ஒரு வக்கீல் மனைவியோடு அங்கே குடிவருகிறார், உடம்பில்லாத தலையும் தனியாக ஒரு கையும் அந்தரத்தில் தெரிகின்றன. 1645இலேயே சுவர் வைத்து மூடியிருந்தால் வக்கீல் எப்படிக் குடிவந்தார்? உயிரோடு புதைத்தார்கள் என்றால் கேட்கிறவருக்கு மயிர்க்கூச்செறிகிறது. வைத்தியருக்குச் சம்பள பாக்கி வைத்தார்கள் என்று சொன்னால் எவன் டிக்கெட் வாங்குவான்!

இரண்டாவது, ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கம். 1900 டிசம்பரில் அங்கிருந்த மூன்று காவலர்களும் காணாமல் போனார்கள். 26ஆம் தேதி மாற்று ஆளை ஏற்றிக்கொண்டு வந்த ஹெஸ்பெரஸ் கப்பல் ஆளில்லாத தீவைத்தான் கண்டது. கட்டுரையில் பாதி சாப்பிட்ட உணவும் கவிழ்ந்த நாற்காலியும் வருகின்றன. இரண்டுக்கும் மூலம் 1912இல் வில்ஃப்ரிட் கிப்சன் எழுதிய கவிதை, அதிலும் உணவு தொடப்படாமல்தான் இருக்கிறது. உள்ளே முதலில் போன மாற்றுக் காவலர், பாத்திரங்கள் கழுவித் துப்புரவாக இருந்தன என்றே எழுதிவைத்தார். விசாரிக்க வந்த மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் மேற்குத் துறையில் கண்டது வேறு. கடல் மட்டத்துக்கு 33 மீட்டர் மேலே, பாறை இடுக்கில் வைத்திருந்த பெட்டி உடைந்து கயிறுகள் சிதறிக் கிடந்தன, இரும்புக் கைப்பிடிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. பொருட்களைக் காப்பாற்றப் போனவர்களைப் பேரலை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பது அவர் முடிவு. 33 மீட்டர் உயரத்துக்கு ஏறி வரும் தண்ணீரை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு மேல் கவிழ்ந்த நாற்காலி எதற்கு?

சரி, இனி என் குறை. பட்டியலில் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மூன்றே வரி. மெக்கன்சியின் ஆவி தள்ளுகிறது, கீறுகிறது, சுற்றிப்பார்க்க வந்தவர்கள் மயங்கி விழுகிறார்கள். முடிந்தது. மெக்கன்சி யார்?

சர் ஜார்ஜ் மெக்கன்சி இரண்டாம் சார்லஸ் மன்னரின் காலத்தில் ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர். திருச்சபை விஷயத்தில் மன்னன் தலையிடக் கூடாது என்று 1638இல் இதே கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கவனன்டர்கள் என்று பெயர். 1679 ஜூனில் பாத்வெல் பாலத்துச் சண்டையில் அவர்கள் தோற்றார்கள். பிடிபட்ட ஏறத்தாழ 1,200 பேரை எடின்பரோவுக்கு நடத்திக்கொண்டு வந்து, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் அடைத்தார்கள். இனி எதிர்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கொடுக்காதவர்கள் மழையிலும் குளிரிலும் நவம்பர் வரை கிடந்தார்கள். மிஞ்சியவர்களில் ஏறத்தாழ 250 பேரை அடிமை வேலைக்குக் கடல் கடந்து அனுப்ப 'கிரவுன்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். டிசம்பரில் ஆர்க்னித் தீவுக் கரையில் கப்பல் உடைந்தது. கைதிகள் அடித்தளத்தில் பூட்டப்பட்டிருந்தார்கள். தப்பியவர்கள் ஐம்பது பேர் அளவுக்குத்தான்.

வழக்குகளை நடத்திய மெக்கன்சி 1691இல் செத்தார். அவரைக் கொண்டுவந்து வைத்த வட்ட மண்டபமும், அந்தக் கைதிகள் கிடந்த இடமும் ஒரே தோட்டத்தில். (வழக்கறிஞர்களுக்கென்று ஒரு நூலகத்தைத் தொடங்கியவரும் இதே ஆள்தான். அதன் புத்தகங்கள்தாம் பிற்பாடு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்கு முதலாயின. மனிதர்களை ஒரே நிறத்தில் அடிக்க முடிவதில்லை.) இந்தக் காலத்து டூர் வழிகாட்டிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இருட்டியதும் எடின்பரோ பையன்கள் அந்த மண்டபத்துக் கதவுவரை ஓடி, சாவித்துவாரத்தில் வாயை வைத்து, "தைரியமிருந்தால் வெளியே வாடா, ரத்தக்கறை மெக்கன்சி" என்ற பொருளில் ஒரு பாட்டைக் கத்திவிட்டுத் தலைதெறிக்க ஓடிவருவது வழக்கமாம். தள்ளுகிற, கீறுகிற ஆவி வந்து சேர்ந்தது 1990களின் கடைசியில். எனக்குப் பையன்களின் கதைதான் பிடிக்கிறது. உயிரோடு இருந்தவரைக்கும் யாரும் விசாரிக்க முடியாத ஆளை, செத்த பிறகு தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த நாட்டுப் பேய்க்கதைகள் பலவும் இப்படித்தான். நாடோடிகளாக வண்டி கட்டித் திரிந்த டிராவலர் சமூகத்தார் சொன்ன 'பர்க்கர்' கதைகளைப் பாருங்கள். இரவில் சத்தம் எழுப்பாமல் ஒரு கறுப்பு வண்டி வரும், உயரத் தொப்பி போட்ட மருத்துவ மாணவர்கள் இறங்குவார்கள், கூடாரத்தில் தூங்குகிறவர்களை அள்ளிக்கொண்டு போவார்கள். இதன் வேர் 1828. பர்க், ஹேர் என்ற இருவர் எடின்பரோவில் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். அடுத்த ஜனவரியில் பர்க்கைத் தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்னும் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நகரம் அந்த விவகாரத்தை அத்தோடு மூடிவிட்டது. காணாமல் போனால் தேடுவாரில்லாத மக்கள் மட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் குழந்தைகளிடம் அந்தக் கறுப்பு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்டியக் கல்வித் துறையினர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் இவற்றைப் பதிவு செய்தார்கள். பல பதிவுகளை இப்போது இணையத்தில் காசில்லாமல் கேட்கலாம். சொல்கிறவர்கள் குரலை ஏற்றி இறக்கிப் பயமுறுத்துவதே இல்லை. மாடு வாங்கிய கதையைச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் அதிகமாகப் பயமாக இருக்கிறது.

பேயே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. சவுத் பிரிட்ஜ் பாலத்தடி அறைகளில் 2001இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் ஆட்களை அனுப்பிச் சோதித்தார். எந்தெந்த அறைகளில் ஆவி உண்டு என்று பெயர் இருந்ததோ, அங்கேயே அதிகம் பேருக்கு ஏதோ தட்டுப்பட்டது. அந்தப் பெயரை முன்பே அறிந்தவரா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றைக் காரணமாகச் சொன்னார். நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இதில் வேண்டியது கிடைக்கும்.

மலைப்பக்கம் வந்தால், பென் மக்டூயியின் 'பெரிய சாம்பல் மனிதன்' உங்கள் பட்டியலில் சரியாகவே இருக்கிறது. 1,309 மீட்டர் மலை. நார்மன் கோலி என்ற வேதியியல் பேராசிரியர் 1891இல் தனியாக உச்சியிலிருந்து பனிமூட்டத்தில் இறங்கும்போது, தன் நடைக்கு மூன்று நான்கு மடங்கு நீளமாகக் காலெடுத்து வைத்து யாரோ பின்தொடரும் சத்தம் கேட்டு மைல்கணக்கில் ஓடினார். மலையேறுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஆள் அவர். 1925இல் அபர்டீனில் மலையேறிகள் கூட்டத்தில் இதைச் சொல்லும்வரை இந்த மலைக்கு இவ்வளவு பெயரில்லை. தாழ்ந்த வெயிலில் நம் நிழல் எதிரே உள்ள மூட்டத்தில் பூதாகரமாக விழும் என்பது விளக்கம். காலடிச் சத்தத்துக்கு அது விளக்கமாகாது என்பது என் அபிப்பிராயம். நான் வண்டியை விட்டு இறங்காதவன், அதோடு விட்டுவிடுகிறேன்.

அபர்ஃபாயில் பாதிரியார் ராபர்ட் கிர்க்கை எப்படி விட்டீர்கள் என்றுதான் புரியவில்லை. மனிதருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மறைவான ஜனங்களைப் பற்றி, அவர்கள் உடை, உணவு, சண்டை உட்பட, ஏதோ பக்கத்து மாவட்டத்தை விவரிப்பதுபோல 1690களின் தொடக்கத்தில் எழுதிவைத்தவர். 1692இல் ஊருக்குப் பக்கத்து டூன் குன்றில் விழுந்து செத்துக் கிடந்தார். சாகவில்லை, அந்த ஜனங்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றது ஊர். பிறகு அவர் உறவினர் ஒருவருக்குத் தோன்றி, "என் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வருவேன், என்னைக் கண்டதும் நம் உறவினர் கிரஹாம் என் தலைக்கு மேலாகக் கத்தியை எறிந்தால் விடுபடுவேன்" என்றாராம். சொன்னபடி வந்தார். கத்தியைக் கையில் வைத்திருந்த கிரஹாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார். கிர்க் போய்விட்டார். இன்றும் அந்தக் குன்றின் உச்சிப் பைன் மரத்தில் துணி கட்டி வேண்டிக்கொள்கிறார்கள்.

க்ளென்கோவில் எல்லா வண்டிகளும் நிற்கும். 1692 பிப்ரவரி 13 விடிவதற்குள், பன்னிரண்டு நாள் போல் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட மக்டொனால்டு குலத்தாரைப் படைவீரர்கள் கொன்றார்கள். வெட்டுப்பட்டவர்கள் 38 பேர் அளவில், பனியில் ஓடிச் செத்த பெண்களும் குழந்தைகளும் அதற்கு மேல். முந்தின நாள் ஒரு சிப்பாய், ஆணையையும் மீறாமல் மனசாட்சியையும் மீறாமல், ஒரு பாறையைப் பார்த்து, "சாம்பல் கல்லே, நான் நீயாக இருந்தால் இன்றிரவு இங்கே இருக்கமாட்டேன்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான் என்று ஒரு கதை உண்டு. பேயே இல்லாத கதை. கேட்டதும் வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை.

கலோடனிலும் அப்படித்தான் இருக்க வேண்டும், இருப்பதில்லை. 1746 ஏப்ரல் 16, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த சண்டை, பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போரிட்ட ஜாக்கோபைட் தரப்பில் 1,500 பேர்போல் பிணம். குலப்பெயர் வெட்டிய கற்கள் நட்டது 1881இல், அதாவது 135 வருஷம் கழித்து. எந்தக் கல்லின் கீழ் யார் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே பறவை பாடாது என்று வழிகாட்டிகள் சொல்லும்போதே வானம்பாடி பாடிக்கொண்டிருக்கும். ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அதில் வரும் கற்பனைக் கதாபாத்திரத்துக்காக ஒரு குலத்தின் கல்லுக்கு மட்டும் பூக்கள் குவிக்கிறார்கள். பக்கத்துக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. செத்தவரிலும் செல்வாக்குள்ளவர் உண்டு போலிருக்கிறது.

இப்போது க்ளென்கால்வி. வடக்கே ராஸ் பகுதியில் ஒரு பள்ளத்தாக்கு. ஆட்டு மந்தையால் வரும் குத்தகை ஆட்கள் தரும் குத்தகையை விட அதிகம் என்று கண்ட நிலக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவரை மலைப்பகுதிப் பள்ளத்தாக்குகளைக் காலி செய்தார்கள். சதர்லண்ட் பகுதியின் ஸ்ட்ராத்நேவரில் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். அதை நடத்திய பேட்ரிக் செல்லர்மேல் 1816இல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது, குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். க்ளென்கால்வியின் முறை 1845 மே மாதம் வந்தது. அங்கே தீயில்லை, கலவரமில்லை, நோட்டீசும் கெடுவும்தான். வெளியேறிய குடும்பங்கள் போக இடமில்லாமல் க்ராய்க் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் தங்கின. கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டி, பக்கங்களுக்குக் கம்பளியும் போர்வையும் தொங்கவிட்டுக் குழந்தை குட்டிகளோடு கிடந்தார்கள். லண்டன் 'டைம்ஸ்' செய்தியாளர் வந்து பார்த்து எழுதினார். அந்த நாட்களில் யாரோ தேவாலயத்துச் சன்னலின் சாய்சதுரக் கண்ணாடிகளில் வெளிப்பக்கமாகக் கீறி எழுதினார்கள். க்ளென்கால்வி மக்கள் 1845 மே 24 அன்று இங்கே கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று ஒன்று. இன்னொன்றில், க்ளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை என்று மட்டும். வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, தங்கள் பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். வெளியேற்றியவர்களைப் பற்றி இந்த இரண்டு வரிகளிலும் ஒரு வசவும் இல்லை.

அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேய்க்கதை உண்டா என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். பேய் உலவ வேண்டுமானால் அதைக் கண்டேன் என்று சொல்ல அடுத்த வீட்டில் ஆள் வேண்டும், அதை நம்ப அதற்கடுத்த வீட்டில் ஒருவர் வேண்டும். எடின்பரோவில் சந்துக்குச் சந்து ஆவி இருப்பது அங்கே எப்போதும் ஆட்கள் நெருக்கியடித்துக் குடியிருந்ததால். மலைப்பள்ளத்தாக்குகளில் சொல்கிறவர்களையே கப்பலேற்றினார்கள். சாவுக்கு முன் தெரியும் விளக்கு வெளிச்சம், நடக்கப்போகும் சவ ஊர்வலத்தை முன்கூட்டியே பாதையில் காண்பது போன்ற கேலிக் மொழிக் கதைகளை, கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் அவர்கள் சந்ததியாரிடம் இருபதாம் நூற்றாண்டிலும் சேகரித்திருக்கிறார்கள். மனிதரோடு பேயும் அக்கரை போய்விட்டது. இக்கரையில் மிஞ்சிய வெறுமையைத்தான் நம் பயணிகள் "என்ன ஓர் இயற்கை, மனுஷன் கால் படாத இடம்" என்று படமெடுக்கிறார்கள். சாய்வெயிலில் உற்றுப் பார்த்தால் புல்லுக்கடியில் பழைய பாத்திக் கோடுகள் தெரியும். யாரோ உருளைக்கிழங்கு போட்ட இடம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ராசே தீவில் பிறந்த கேலிக் கவிஞர் சோர்லி மக்லீன் 1954இல், காலியாக்கப்பட்ட ஹாலெய்க் என்ற ஊரைப் பற்றி ஒரு கவிதை வெளியிட்டார். போனவர்கள் எல்லாரும் அதில் திரும்பி வந்திருக்கிறார்கள். பெண்கள் பிர்ச் மரங்களாக வரிசையில் நடக்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் எழுதியதால் அந்த ஊருக்கு மட்டும் ஆவிகள் கிடைத்தன.

சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்களுக்குக்கூட, தாமதமாகவேனும் ஏதோ நடந்தது. 1563 முதல் 1736 வரை இருந்த சட்டத்தில் ஏறத்தாழ 3,800 பேர்மேல் குற்றம் சாட்டியிருந்தார்கள். 2022 மார்ச் 8 அன்று அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சதர்லண்டில், பள்ளத்தாக்குகளைக் காலி செய்த பிரபுவான சதர்லண்ட் டியூக்கின் சிலை இன்னும் கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலையுச்சியில், சாலையில் போகிற எல்லாருக்கும் தெரியும்படி நிற்கிறது. "அது பேய்ச்சிலையா?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. சுவர் வைத்த கதையையும் பாதிச் சாப்பாட்டையும் திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். அடுத்த முறை பட்டியல் போடும்போது க்ளென்கால்வி மக்கள் தங்கிய க்ராய்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பத்தில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தாலும்.

போக நினைக்கும் வாசகர்களுக்கு வழி சொல்கிறேன், எங்கள் மாதிரிப் பெரிய வண்டி அங்கே வராது. இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஆர்ட்கே நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மேற்கே ஆற்றை ஒட்டி 16 கிலோமீட்டர் போல, கார் வேண்டும். ஒரே ஒரு வண்டி போகும் அகலச் சாலை, நடுவில் ஆடு படுத்திருக்கும். தேவாலயக் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், எழுத்துகள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில்தான், கிழக்குச் சன்னலில் தேடுங்கள். வழியில் சாலையோரம் அகலமாக விட்டிருக்கும் ஒதுக்கிடங்களில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கக் கூடாது. எதிரே வருகிறவருக்கும் பின்னால் அவசரமாக வருகிற உள்ளூர்க்காரருக்கும் வழிவிடத்தான் அவை.

இப்படிக்கு,
ஒரு பேருந்து ஓட்டுநர்,
எடின்பரோ